வேறு மருந்துகள்: இல்லை

என் கையால் எழுதிய விண்ணப்பம் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் பிழைப்பு. பெரிய அலுவலகம் ஒன்றின் எதிரே நகல் எடுக்கும் கடை. அதன் வாசலில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. பத்தொன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து ஊரார் வாழ்க்கையைக் கட்டங்களுக்குள் எழுதிக் கொடுக்கிறேன். என் பெயர் யாருக்கும் தெரியாது. பேனாக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

வருகிறவர்கள் கதையோடு வருவார்கள். "புருஷன் இருக்காருக்கா, ஆனா இல்ல" என்பாள் ஒருத்தி. "கட்டம் ஒண்ணுதாம்மா இருக்கு, இருக்காரா இல்லையா?" என்பேன். அவள் யோசிப்பாள். நான் யோசிக்க மாட்டேன். எந்தப் பதிலுக்கு உள்ளே இருப்பவர் முத்திரை குத்துவார் என்று எனக்குத் தெரியும், அதை எழுதுவேன். உண்மையை எழுதினால் திரும்பி வரும், கேட்டதை எழுதினால் பாஸ் ஆகும் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தை வைத்துத்தான் என் தம்பியைக் கெடுத்தேன்.

அவன் எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். வீட்டில் சின்னவன். அம்மா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். இருபத்திரண்டாம் வயதில் அவனுக்கு மனசு கலைந்தது. சுவர் பேசுகிறது என்றான். பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் மூன்று முறை படுத்திருந்தான். முதல் முறை நாற்பது நாள், ஏனென்றால் டாக்டர் கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னான். இரண்டாம் முறை நான் உஷாராகிவிட்டேன். பார்வையாளர் நேரத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். குரல் கேக்குதா? இல்ல சார். யாராவது பின்னாடி வர்ற மாதிரி? இல்ல சார். தூக்கம்? நல்லா வருது சார். பதினாறு நாளில் வெளியே வந்தான். மூன்றாம் முறை ஒன்பதே நாள். கெட்டிக்காரப் பையன், ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வான்.

பிறகு இரண்டு மாத்திரையில் அவன் நிலைக்கு வந்தான். ஐந்து வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. ஃப்ரேம் கடையில் கண்ணாடி வெட்டும் வேலை. அவன் வெட்டுவதை நின்று பார்க்க வேண்டும். மேசைமேல் கம்பளித் துணி, அதன்மேல் கண்ணாடி, இரும்பு ஸ்கேல். கட்டர் முனையை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு. சர்ரென்று ஒரு சத்தம், கோடு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகும். "உன் தம்பி கையை இன்ஷூர் பண்ணணும்" என்பார் முதலாளி. மற்றவர்கள் பைத்தியம் என்று சொல்லிவிட்ட ஒருத்தனுக்கு அந்தக் கை எவ்வளவு பெரிய மரியாதை என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். சாப்பிடும்போதுகூட அந்தக் கையைப் பார்த்துக்கொள்வான்.

போன வருஷம் விடாத காய்ச்சல். சட்டை தொளதொளத்தது. ரத்தம் எடுத்தார்கள், பதினாலாம் அறைக்குப் போகச் சொன்னார்கள். பெரியாஸ்பத்திரியில் எல்லா அறைக்கும் பெயர்ப் பலகை உண்டு, பதினாலுக்கு மட்டும் கிடையாது. பெயர் இல்லாததாலேயே அது என்ன அறை என்று எல்லோருக்கும் தெரியும். எச்ஐவி. எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம், உங்கள் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று நான் திருப்பிக் கேட்பேன். பேச்சு அத்தோடு நிற்கும்.

பதினாலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்கு பக்கம். என்னிடமா கொடுக்கிறார்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா? பேனா நின்றது. பக்கத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு ஆள், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அதுல ஆமான்னு மட்டும் போட்றாதீங்க. அந்த டிபார்ட்மென்ட்டு லெட்டர் வேணும்னுவாங்க. மூணு மாசம் இழுத்தடிப்பாங்க. அதுக்குள்ள ஆளு இருக்கணும்ல?"

யார் அவன், எங்கிருந்து வந்தான், எந்தக் கல்லூரியில் வைத்தியம் படித்தான்? கேட்கவில்லை. இல்லை என்று எழுதினேன். சின்னவன் கையெழுத்து மட்டும் போட்டான். உள்ளே டாக்டர் படிவத்தைப் புரட்டினார், என்னைப் பார்த்து நான்கு கேள்வி கேட்டார், நான் நான்கு பதில் சொன்னேன். நோயாளி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருந்து ஜன்னலில் இருந்த அம்மா ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்தார். தினம் ஒன்று, படுக்கப் போகும்போது. "முதல் ரெண்டு வாரம் கண்டபடி கனவு வரும், காலையில தலை சுத்தும். பயந்து நிறுத்திடாதீங்க, தானா சரியாயிடும்" என்றார்.

இரண்டு வாரம் ஆயிற்று. இரண்டு மாதமும் ஆயிற்று. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவான். பல் தேய்க்கும்போதே கனவைச் சொல்ல ஆரம்பிப்பான். அவன் ஒரு கண்ணாடிக்குள் நிற்கிறானாம், வெளியே யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்கிறார்களாம், இன்னும் தட்டவில்லையாம். "எப்பத் தட்டுவாங்கன்னு காத்துக்கிட்டே இருக்கேங்கா" என்பான். மாதாமாதம் பதினாலில் "தொந்தரவு ஏதாவது?" என்று கேட்பார்கள். "இல்ல சார், நல்லா இருக்கேன்" என்பான். நான் சொல்லாமலே சொன்னான். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தால் அவனுக்கு அந்தப் பதில்தான் வரும். அடுத்த மாத டப்பா வாங்கி வருவோம்.

மூன்றாம் மாதம் கடையிலிருந்து முதலாளி போன் செய்தார். போனபோது, விற்பனைக்கு மாட்டியிருந்த நிலைக்கண்ணாடிகளை எல்லாம் சின்னவன் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தான். ஒன்றைக்கூட உடைக்கவில்லை, அவ்வளவு பதமாகத் திருப்பியிருந்தான்.  முதலாளி என்னைத் தனியே அழைத்தார்.

"அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி பெரிய ஆர்டர் இருக்கு. அதுவரைக்கும் அவன் எடத்தை வச்சிருப்பேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா. தப்பா நினைக்காதீங்க."

மூன்று வாரம் இருந்தது. நேரே மனநலப் பிரிவுக்குக் கொண்டு போனேன். அங்கேயும் படிவம். வேறு நோய்கள். வேறு மருந்துகள். இந்த முறை மஃப்ளர்காரன் தேவைப்படவில்லை. போன தடவை அந்த வார்டில் எச்ஐவி இருந்த ஒரு ஆளை நான் பார்த்திருந்தேன். அவன் தட்டிலும் டம்ளரிலும் கட்டில் காலிலும் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு புள்ளி. அவனுக்குச் சோற்றுத் தட்டைக் காலால்தான் நகர்த்தினார்கள். என் தம்பியின் தட்டில் புள்ளி விழ விடமாட்டேன். இரண்டு கட்டத்திலும் இல்லை, இல்லை என்று எழுதினேன். அழகாக, வரிசை பிசகாமல்.

பதினாலாம் அறை மாத்திரையை நிறுத்தக் கூடாதே. தினமும் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் கைக்குட்டையில் முடிந்து கொண்டு போனேன். "சத்து மாத்திரை சிஸ்டர்" என்பேன். படுக்கும்போது போட்டுக்கொள்ளச் சொல்லி அவன் உள்ளங்கையில் வைத்து மூடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் தினசரி.

பத்தாம் நாள் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர்தான். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் சின்னவனும்.

"மருந்தைக் கூட்டியும் குறையலை" என்றார். "இன்னைக்கு உங்க தம்பி ஒண்ணு சொல்றார். நீங்களும் கேளுங்க."

சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பத்து நாளில் முதல்முறையாக அவன் கண் தெளிவாக இருந்தது.

"சார், எனக்கு முன்னாடி வந்தது வேற, இது வேற. முன்னாடி குரல் கேக்கும். இப்பக் குரல் இல்ல. இது அந்த இன்னொரு மாத்திரை, சார். அதைப் போட ஆரம்பிச்சதுல இருந்துதான். போட்டு ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிக்கும், மத்தியானம் வரைக்கும் இருக்கும், அப்புறம் வடியும். நான் கணக்கு வச்சுப் பார்த்துட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாராம்மா? ஃபார்ம்ல இல்லைன்னு போட்டிருக்கீங்க."

அவர் கேட்டது சரியான கேள்வி. அதை இன்றுவரை மறுக்க முடியவில்லை. கேட்ட இடம்தான் தப்பு. சொன்னவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், அவன் சொன்னது மெய்யா என்று என்னைக் கேட்டார். சின்னவனும் என்னைப் பார்த்தான். அவன் கெஞ்சவில்லை. அக்கா இருக்கிறாள், அக்கா சொல்வாள் என்கிற நம்பிக்கையோடு பார்த்தான்.

ஒரு நொடியில் எனக்குள் என்னென்னவோ ஓடியது. சிவப்புப் புள்ளி. ஒன்றாந்தேதி. என் கையெழுத்தில் இருந்த இல்லை. அதை ஆமாம் என்று மாற்றினால் பொய் எழுதியவள் என்று என்னை நிற்க வைத்துக் கேட்பார்கள், இவனை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்வார்கள்.

"இல்லையே சார்" என்றேன். "சத்து மாத்திரை மட்டும்தான்."

  டாக்டர் ஒரு வரி எழுதினார். என் தொழிலில் காகிதத்தைத் தலைகீழாக வாசிக்கப் பழகியிருக்கிறேன். மாத்திரையால்தான் எல்லாம் நடக்கிறது என்ற பிரமை, என்று இருந்தது. என் தம்பி தன் நோயைப் பற்றி வாழ்நாளில் சொன்ன மிகச் சரியான வார்த்தை, நோயின் இன்னொரு அறிகுறியாகப் பதிவாயிற்று. வேலியே பயிரை மேய்ந்ததைத் தலைகீழாக வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வராந்தாவில் அவன் கேட்டான். "ஏங்கா அப்படிச் சொன்னே?"

"உனக்காகத்தாண்டா. வேலைக்குப் போகணுமா வேணாமா? நாளைக்கு டாக்டர் கேட்டா, மாத்திரை பத்தி நான் சொன்னது சும்மா, என் மனசுதான் அப்படி நினைச்சுதுன்னு சொல்லு. ஒழுங்கா சொன்னேன்னா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துடலாம்."

"ஆனா அது நெஜம்கா."

"நெஜத்தை வச்சு என்ன பண்ணப் போறே?" என்றேன்.

என் மேசைக்கு வருகிறவர்களிடம் நூறு முறை சொன்ன வாக்கியம். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. மறுநாள் டாக்டர் கேட்டபோது, அவன் நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னான். "எனக்கே இப்பச் சிரிப்பா இருக்கு சார்" என்று ஒரு வரியைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டான். நோயாளிக்குத் தெளிவு வந்திருக்கிறது என்று எழுதினார்கள். வெள்ளிக்கிழமை வெளியே வந்தோம். பழைய மாத்திரைகள் இரண்டு மடங்கு ஆகியிருந்தன. படுக்கப் போகும்போது பதினாலாம் அறை மாத்திரையும் உண்டு.

ஒன்றாந்தேதி காலையில் தலை வாரி, சட்டைப் பொத்தான் சரிபார்த்து, நானே கடைவரை கொண்டு விட்டேன். நடையில் தள்ளாட்டம் இருந்தது. "பஸ்ல நின்னுக்கிட்டு வந்தோம்ல, அதான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தே கால் மணிக்குப் போன் வந்தது.

பெரிய கண்ணாடி, ஆள் உயரம். கோடு இழுத்துவிட்டு விளிம்பில் வைத்துத் தட்டப் போனவன், தட்டாமல் அப்படியே நின்றானாம். "தட்டுறா" என்றிருக்கிறார் முதலாளி. அவன் தலை சுற்றி முன்னால் சரிந்திருக்கிறான். கண்ணாடி அவன் கோட்டில் உடையவில்லை. வலது உள்ளங்கையைக் குறுக்கே கிழித்து, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகும் நரம்பை அறுத்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் தையல் போடும் அறைக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. மூன்று கட்டிடம் தாண்டிப் பதினாலுக்கு நடந்தேன். வரிசையை மதிக்கவில்லை. மருந்து ஜன்னலில் தலையை விட்டு, அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பன்னிரண்டு வருஷமாக மனநோய், மூன்று முறை வார்டு, படிவத்தில் நான் எழுதிய இல்லை, அங்கே எழுதிய இல்லை, கைக்குட்டை, பிரமை, கை.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் கேள்வியை அங்க வச்சிருக்கிறதே இதுக்குத்தாம்மா" என்றார். "மனநோய் இருக்கிறவங்களுக்கு இந்த மாத்திரையைத் தர மாட்டோம். இது மூளைக்குப் போயி ஆட்டிவைக்கும். முதல் நாளே ஆமான்னு எழுதியிருந்தா வேற ஒண்ணு குடுத்திருப்போம்."

"மூணு மாசம் இழுப்பீங்கன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னது?"

மஃப்ளர் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் டாக்டரிடம் எழுந்து போனார், திரும்பி வந்தார், கீழ்த்தட்டிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்து ஜன்னலில் வைத்தார். எனக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் இருந்தது. நான்கு நிமிஷம் ஆகியிருந்தது. என் தம்பியின் நான்கு மாதத்தையும் ஒரு கையையும் வாங்கிக்கொண்ட விஷயம், ஒரு தட்டுக்குக் கீழே இருந்த டப்பா.

"இதைக் காலையில போடச் சொல்லுங்க. இதுவும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், மனசைச் சோர வைக்கும். அதனால விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும். மனநல டாக்டரும் நாங்களும் இனிமே பேசிக்குவோம். ஆனா உள்ள நடக்கிறதை உங்க தம்பிதாம்மா சொல்லணும். வேற யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

மனநல டாக்டரிடமும் போய் நின்றேன். அவர் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் தேதி போட்டார். என்னைப் பார்க்கவில்லை. தட்டில் புள்ளி வைப்பார்களா என்று கேட்டேன். "யாராவது வச்சா எங்கிட்ட வாங்க" என்றார். இதை மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. சின்னவன் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான். இரண்டு விரல் மடங்குவதில்லை. முதலாளி வேறு ஆளைச் சேர்த்துவிட்டார். ஃப்ரேம்களைத் துடைத்துப் பொதி கட்டும் வேலை தருவதாகச் சொன்னார். சின்னவன் போகவில்லை. என் மேசைக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறான். காலையில் கனவு சொல்வதில்லை. தூங்கினாயா என்றால், "நல்லாத் தூங்கினேன்" என்கிறான். மனசு எப்படி இருக்கு என்றால், "நல்லா இருக்குக்கா" என்கிறான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் பழக்கிய குரல்.

நேற்றுப் பதினாலுக்குப் போனோம். இப்போது புது ஏற்பாடு. ஒரு தாளைக் கொடுத்து, நோயாளி தன் கையாலேயே நிரப்ப வேண்டும், கூட வந்தவர்கள் தள்ளி உட்கார வேண்டும் என்கிறார்கள். ஆறு கேள்வி. சின்னவன் பேனாவை இடது கையில் பிடித்தான். பெயரை எழுதினான். முதல் கேள்வியில் நின்றான். தாளை எடுத்துக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தான்.

"இதுக்கு என்ன எழுதணும்கா?"

"உண்மையை எழுதுடா" என்றேன்.  "உனக்கு எப்படி இருக்கோ அப்படியே எழுது. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன்."

 அவன் தாளை என் மடியில் வைத்து, அதன்மேல் பேனாவை வைத்தான். கோபமாக இல்லை. சின்ன வயதில் பென்சில் சீவித் தரச் சொல்லி நீட்டுவானே, அப்படி.

"நீயே எழுதிடுக்கா. நீ எழுதினா திரும்பி வராது."

போய்க் காலண்டருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டான். தாளைப் பார்த்தேன். கேள்வி எளிமையானதுதான். கடந்த ஒரு மாதமாக உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது? அவன் எனக்கு அடுத்த அறையில்தான் படுக்கிறான், நடுவே ஒற்றைச் சுவர். பத்தொன்பது வருஷமாக ஊரிலுள்ள எல்லோருக்கும் பதில் எழுதியிருக்கிறேன். இதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை.